கண்ணாடியின் உட்பக்கத்துக் கை

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் நாங்கள் வாங்கிய வீட்டின் வரவேற்பறையில், விறகு எரிக்கும் பெய்ஸ் ஒன்று இருந்தது. செங்கல் சுவரில் வாய் திறந்தபடி நிற்கும் பெரிய கணப்பு. முதல் முறை மூட்டியபோது புகையெல்லாம் எங்கள் பக்கமே வந்து திருஇருதய ஆண்டவர் படத்தைக் கறுப்பாக்கியது. இரண்டாம் முறை ஒரு பொறி பறந்து புதுக் கம்பளத்தில் ஓட்டை போட்டது. கண்ணாடிக் கதவு போடும்வரை இந்த வீட்டில் தீக்குச்சி கிழிப்பதில்லை என்று அம்மா தீர்மானித்தார். எனக்கு அப்போது ஏழு வயது.

ஸ்ட்ரோம்மன் பக்கத்தில் ஒரு கடைக்குப் போனோம். அப்பா புகைநிறக் கண்ணாடி போட்ட கதவின் முன்னால் போய் நின்றார். கரி பிடித்தாலும் வெளியே தெரியாதாம். பகல் முழுக்க மற்றவர்களின் ஜன்னல்களைத் துடைத்துவிட்டு வருகிறவருக்கு அது நியாயமான ஆசைதான். அம்மாவோ ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடி, கைப்பிடியை அழுத்திப் பார்த்து, கடைசியில் தெளிந்த கண்ணாடி போட்ட இரட்டைக் கதவிடம் வந்து சேர்ந்தார்.

“உள்ளுக்கை என்ன நடக்குதெண்டு எனக்குத் தெரியவேணும்.”

அப்பா தோற்றார். கடைகளில் தோற்பது அவருக்குப் பழகிப்போன விஷயம்.

நவம்பரில் ஒரு பிற்பகல், கதவைப் பொருத்த ஒருவர் வந்தார். அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மாவின் நோர்வீஜிய மொழி பால், பாண், நன்றி என்பதைத் தாண்டியிராத காலம் அது. ஆகவே வீட்டின் மொழிபெயர்ப்பாளர் நான்தான். அந்தப் பதவியால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. அவர் ஏதோ எடுக்க வாகனத்துக்குப் போன நேரம், மீன் றோல்ஸ் தின்றுகொண்டிருந்த நான் எண்ணெய் ஒட்டிய வலது கையைத் திறந்திருந்த கதவின் உட்பக்கத்தில் வைத்து அழுத்தினேன். ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் பதில் இல்லை. புதுக் கண்ணாடி, வைத்தேன்.

வேலை முடிந்ததும் அவர் என்னிடம் சொன்னார்: முதல் நெருப்புக்கு முன் உட்பக்கத்தை நன்றாகத் துடைக்க வேண்டும், கை எண்ணெய் இருந்தால் சூட்டில் அப்படியே பதிந்துவிடும், பிறகு என்ன செய்தாலும் போகாது.

“என்னவாம்?” என்றார் அம்மா.

“சுடுமாம். தொடவேண்டாமாம்.”

அந்த மனிதரும் என் தமிழுக்குத் தலையாட்டிவிட்டுப் போனார்.

அப்பா வந்ததும் நெருப்பு மூட்டினோம். நாலரை மணிதான், ஆனால் வெளியே நல்ல இருட்டு. சுவாலை ஏற ஏற, இடது கதவின் அடியில் சாம்பல் வெள்ளையாக ஏதோ தெரியத் தொடங்கியது. முதலில் உள்ளங்கை, பிறகு ஐந்து விரல்கள். நெருப்புக்குள் இருந்து யாரோ ஒரு சின்னப் பிள்ளை கதவைத் தள்ளுவது போல இருந்தது. அப்பா “யேசுவே” என்று பின்வாங்கினார். அம்மா கத்தவில்லை. முழங்காலிட்டு, தன் கையை இந்தப் பக்கத்தில் அதன்மேல் வைத்தார். சுடும் என்று நான் கத்தியும் எடுக்கவில்லை.

“வந்திட்டியோ ராசா?” என்றார்.

எனக்கு முன் பிறந்த அண்ணா ஒருவர் இருந்தார். மன்னாரில் இருந்து இடம்பெயர்ந்து போகும்போது, மழையில், காய்ச்சலில் நடுங்கி நடுங்கி இறந்துபோனவர். அவருடைய படம்கூட எங்களிடம் இல்லை. ஏழு வயதில் போனவரை நான் அண்ணா என்று சொல்லப் பழகியிருந்தேன். அந்த வருடம் எங்கள் இருவருக்கும் ஒரே வயது.

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. பகல் வெளிச்சத்தில் அந்தக் கை மங்கலாகத்தான் தெரியும். சுவாலை எழுந்தால் எழும்பி வரும். அம்மா அதன் எதிரில் இருந்து செபமாலை சொல்வார், இடையிடையே அதனோடு கதைப்பார். மே மாதத்தில், அயல்வீட்டுக்காரர் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதும் எங்கள் புகைபோக்கி புகைந்தது. ஏனென்று கேட்டால், “அண்ணாவுக்குக் குளிருமெல்லே” என்பார்.

உண்மையைச் சொல்லலாம் என்று பலமுறை வாயைத் திறந்தேன். பயம் விடவில்லை. ஒருநாள் நெருப்பு அணைந்திருந்தபோது, மூடியிருந்த கதவில் என் வலது கையை வைத்துப் பார்த்தேன். பெருவிரல் பொருந்தவில்லை, எதிர்ப்பக்கம் நின்றது. மறுபக்கத்தில் வைத்த கை இப்படித்தான் தெரியும் என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை. அப்படியானால் அது என்னுடையதே இல்லை என்று நடுங்கிப்போனேன். அதன் பிறகு அந்த அறையில் தனியாக இருந்ததில்லை. சாப்பாடும் சரியாக இறங்கவில்லை.

அடுத்த ஒக்டோபரில் அப்பா புதுக் கண்ணாடி ஒன்றை வாங்கிவந்து, திருகாணிகளைக் கழற்றத் திருப்புளியோடு கதவின் முன்னால் இருந்தார். அம்மா குறுக்கே வந்து நின்றார்.

“செத்த பிள்ளையைக் கண்ணாடிக்குள்ளை வச்சுக்கொண்டிருக்கேலாது. உயிரோடை இருக்கிறவள் பயந்து மெலிஞ்சு போறாள், உமக்குத் தெரியேல்லையோ?” என்றார் அப்பா.

“கண்ணாடியை எடுத்தால் நானும் இந்த வீட்டிலை இருக்கமாட்டன்.”

அம்மா சொன்னால் செய்கிறவர். நான் கத்தினேன்.

“அது என்ரை கை! எண்ணெய்க் கை. அந்த ஆள் துடைக்கச் சொன்னவர், நான்தான் சொல்லேல்லை!”

அப்பாவின் கையிலிருந்த திருப்புளி தரையில் இறங்கியது. அம்மா முகத்தில் ஒரு ஆச்சரியமும் இல்லை.

“தெரியும்,” என்றார். “உன்ரை கையை எனக்குத் தெரியாதோ?”

பிறகு கதவைத் திறந்தார். என் வலது கையைப் பிடித்து, உட்பக்கத்தில் அந்த வெள்ளைக் கையின்மேல் வைத்தார். பெருவிரல் சரியாகப் பொருந்தியது. மற்ற விரல்களின் நுனிகள் மட்டும் அடையாளத்தைத் தாண்டி வெளியே நின்றன. அம்மா அந்த நுனிகளை ஒவ்வொன்றாகத் தொட்டார்.

“நீ வளந்திட்டாய்,” என்றார்.

அதற்கு மேல் பேச முடியாமல் வாய்விட்டு அழத் தொடங்கினார். அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நான் சொன்ன பொய்க்காகத்தான் அழுகிறார் என்று நினைத்து, இனிமேல் ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்ப்பேன் என்று அவர் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன்.