ஜிபிஏவும் மங்குஸ்தானும்

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதவி உயர்வுக்கு டிகிரியில் ஜிபிஏ, அதாவது மதிப்பெண் சராசரி, பத்துக்கு ஏழு வேண்டும். பாதியில் விட்ட காலேஜில் வாங்கிய மார்க்கையும் ஆன்லைன் டிகிரி மார்க்கோடு கூட்டி, ஏழரை என்று நானே தீர்ப்பெழுதி, ஆபீசுக்கு விருந்து வைக்க ஐந்தருவிக்குப் பழம் வாங்கப் போனேன்.

இரண்டு கிலோ மங்குஸ்தான் கேட்டேன். விற்ற பெண் ஒவ்வொரு பழத்தையும் அமுக்கிப் பார்த்துத்தான் தராசில் வைத்தார். பழைய மார்க்கையும் கூட்டி ஏழரை வந்த கதையை அவரிடம் பீற்றிக்கொண்டேன். அவரும் அதே டிகிரிதான் படிக்கிறாராம்!

"பழைய காலேஜ்ல பாசான பாடத்துக்குக் கிரெடிட்டு மட்டுந்தான் இங்கன வரும் அண்ணாச்சி. அந்த மார்க்கு ஜிபிஏல சேராது."

மறுபடி கணக்குப் போட்டேன். ஐந்தே முக்கால்! அருவியில் குளிக்காமலே உடம்பு சில்லிட்டது.

"அப்போ இந்த ரெண்டு கிலோ?"

தராசிலிருந்து பழங்களை அள்ளியபடி சொன்னார்:

"அரைக் கிலோ போதும்."