சோறாக்கத் தெரியுமா?

நாங்கள் இருவரும் பென்சன் எடுத்தவர்கள். நான் தபால் கந்தோரில் இருந்தேன், என் மனைவி பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாள். கல்முனையிலிருந்து பொத்துவில் வரை கடலோரமாகக் காரில் போய், வழியில் சொந்தக்காரர், கூட்டாளிமார் வீடுகளில் நின்று நின்று பார்த்து வருவோம் என்று சொன்னது அவள்தான். கார் வாங்கிய நாளிலிருந்து "மெதுவாப் போங்க" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லாதவள், "நாளைக்கே போவம்" என்று பிடிவாதமாக நின்றாள்.

அதற்கு முதல் வாரம் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போய் உடம்பைச் சோதித்திருந்தோம். இரண்டு ரிப்போர்ட்டையும் அவளே வாங்கி வந்தாள். கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்று அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். எங்கள் வீட்டில் அலுமாரியைப் பூட்டும் பழக்கம் கிடையாது.

முதலில் பாலமுனையில் என் தங்கச்சி வீடு. எப்போது போனாலும் என் வயிற்றைப் பார்த்து, "எத்தின மாசம் காக்கா?" என்று வாசலிலேயே மானத்தை வாங்குகிறவள். அன்று என் முகத்தைப் பார்த்தாள், "வாங்க காக்கா" என்றாள், அவ்வளவுதான். உள்ளே கதைத்துக்கொண்டிருந்தவர்கள் நான் கால் வைத்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். இடியப்பத்தை என் பீங்கானில் வைத்தபடி தங்கச்சி மெல்லக் கேட்டாள்: "காக்கா, உங்களுக்குச் சோறாக்கத் தெரியுமா?"

"தேத்தண்ணி ஊத்தவே தெரியாது" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

பிறகு என்னைக் கூட்டிப்போய்ப் பின்பக்கத்து அறையைக் காட்டினாள். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த ஈரம் இன்னும் காயவில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. கட்டிலில் வெள்ளை விரிப்பு, ஒரு சுருக்கம் இல்லாமல். "இது உங்களுக்குத்தான் காக்கா. எப்பயும் வரலாம்." எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் பக்கம் ஆண்தான் கல்யாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போவான். நான் இருப்பது என் மனைவியின் வீடு, நான் செத்தால் மையத்தைத் தூக்குவதும் அங்கிருந்துதான். பிறகு எனக்கு இங்கே என்ன அறை?

கைகழுவப் போனபோது குசினிக்குள் தங்கச்சி என் மனைவியிடம் விம்முவது கேட்டது. "மாப்பு மச்சி, மாப்பு."

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் எங்கள் ஊர்களில் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்வார்கள். தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளுக்கு மாப்புக் கேட்பார்கள். கேட்கப்பட்டவர் "மாப்பு" என்று வாய் திறந்து சொல்லவேண்டும், சொன்னால்தான் போகிறவருக்கு மனப்பாரம் இறங்கும். நாங்கள் ஹஜ்ஜுக்குப் போகவில்லை. பயணம் போகாமல் மாப்புக் கேட்பது என்றால் கடைசி வருத்தத்தில் படுக்கையாகக் கிடக்கிறவர்தான். அவருக்காக அவர் வீட்டார் கேட்பதும் உண்டு.

கணக்குச் சரியாக வந்தது. சாகப்போவது நான்தான். அலுமாரிக்குள் இருப்பது என் மௌத்து. இவள் எனக்காக ஊர் ஊராக மாப்புக் கேட்டுத் திரிகிறாள்.

தம்பிலுவிலில் என் பழைய கூட்டாளி இருக்கிறான். ஒரே கந்தோரில் வேலை செய்தோம், சண்டை பிடிக்காத நாளில்லை. அன்று நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினான். சோதித்துப் பார்ப்போம் என்று, அவன் இளவயதிலிருந்து தூக்கிப் பிடிக்கும் கட்சியை வாய்க்கு வந்தபடி ஏசினேன். "ஓம் மச்சான், நீ சொல்றதுதான் சரி" என்றான். கார் புறப்படும்போது ஜன்னலுக்குள் கையை விட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், உனக்குச் சோறாக்கத் தெரியுமா?"

அதே கேள்வி. இவன் தங்கச்சியைக் கண்டு ஐந்தாறு வருடமிருக்கும். நான் காரை எடுத்தேன்.

கோமாரிப் பக்கம் ரோட்டில் ஒரு குருவியைக்கூடக் காணவில்லை. ஒரு பக்கம் களப்புத் தண்ணீர், ஒரு பக்கம் கடல், இரண்டும் அசையாமல் கிடந்தன. நல்ல வெயிலில் எனக்குக் கை குளிர்ந்தது. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன், சுண்ணாம்பு அடித்த அந்த அறைச் சுவரின் நிறமாக இருந்தது. நெஞ்சு உண்மையாகவே நோகத் தொடங்கியது. பயம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். ஊருக்கெல்லாம் சொன்னவள் சாகப்போகிறவனிடம் சொல்லவில்லையே!

தென்னைகளுக்குக் கீழே காரை நிறுத்தினேன்.

"எனக்கு எவ்வளவு நாள் இரிக்கி? மறைக்காம சொல்லு."

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "உங்களுக்கா? உங்களுக்கு ஒண்ணுமில்ல. சீனிகூடக் குறைஞ்சிரிக்கி."

"அப்ப ரிப்போர்ட்டு?"

"அது என்ட ரிப்போர்ட்டு." முந்தானையை இழுத்து மடியில் நீவிவிட்டாள். "கட்டி ஒண்டு. வாற கிழமை ஒப்பரேசன். திரும்பி வருவன் எண்டு டொக்டரும் உறுதியாச் சொல்லல்ல. அதான் எல்லாரிட்டயும் மாப்புக் கேட்டன். மறுகா, நாம வர முதலே போன்ல உங்களப் பாத்துக்கச் சொன்னன்."

பெண்சாதி மௌத்தானால் ஆண் தங்கச்சி வீட்டுக்குத்தான் வருவான். அந்த அறை அதற்கு. சாகிற எனக்கென்று நினைத்தேன், மிஞ்சுகிற எனக்காம். காலையிலிருந்து பக்கத்திலேயே இருந்தவளின் முகத்தை ஒருமுறை ஒழுங்காகப் பார்க்காமல் என் முகத்தையே கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அப்படி வெட்கப்பட்டது என் ஆயுளில் இல்லை. சாவு எனக்கில்லை என்று கேட்டதும் ஒரு கணம் மூச்சு இலேசாக வந்ததே, அதை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

"நீங்களும் மாப்புச் சொல்லுங்க" என்றாள். "உங்களிட்டத்தான் கடைசியாக் கேக்க இருந்த."

"சொல்ல மாட்டன்."

"என்னயன் இது, சின்னப்புள்ளயள் மாதிரி?"

"திரும்பி வந்து வாங்கிக்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அவள் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

பொத்துவிலுக்கும் போனோம். அவளுடன் பிறந்த ராத்தா சொதியை ஊற்றிக்கொண்டே அதே கேள்வியைக் கேட்டார். "இனித்தான் பழக வேணும்" என்றேன்.

நாளை காலை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அவளுடைய பை வாசலில் இருக்கிறது. இன்று பகல் சோற்றை நான் ஆக்கினேன். அடிப்பிடித்துவிட்டது. அவள் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்று, பீங்கானைத் தள்ளிவிட்டு, என்னைப் பார்த்து "மாப்பு" என்றாள்.

நான் இன்னும் சொல்லவில்லை.