மரக்கடையைக் காலி செய்த ரஹ்மத் லாத்தா

கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்ததால் ஃபோன் அடித்தது எனக்குக் கேட்கவில்லை. டெம்போ ஓட்டும் யாசின் வாசலில் வந்து நின்று, அதை நிறுத்தும்படி கையைக் காட்டினான். நிறுத்தினேன். "ரஹ்மத் லாத்தா மௌத்தாயிட்டாங்க" என்றான். காலையில் சந்து முனையில் என்னோடு நின்று டீ குடித்தவர். மதியம் சற்றுச் சாய்ந்து படுத்திருக்கிறார், எழுந்திருக்கவில்லை.

தாராவியில் எங்கள் சந்தில் வீட்டுக்கு வீடு இட்லி வேகிறது. சைக்கிளில் விற்பவர்கள் காலையில் வாங்கிக்கொண்டு வடாலா, தாதர் வரை போகிறார்கள். அத்தனை அடுப்புகளுக்கும் விறகு லாத்தாவின் கடையிலிருந்துதான் வரும். உடைந்த பெட்டி, பழைய கதவு, பிளைவுட் துண்டு என்று எதுவும் இருக்கும். கடையநல்லூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். கணவர் இறந்தபின் கடையைத் தானே நடத்தினார். அக்காவை அவர்கள் வீட்டில் லாத்தா என்பார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். பிளைவுட் எரிந்தால் கண்ணைத் திறக்க முடியாது. குறை சொல்லப் போனால், "கண்ண மூடிக்கிட்டு இட்லிய அவிங்களா, யாரு வேண்டாம்னா" என்று சிரிப்பார்.

அவரை மாற்றியது ஓர் அரிசி ஆலை. மும்பைக்கு வெளியே கர்ஜத் பக்கம் ஒரு கிராமத்தில் பெண்கள் சேர்ந்து நடத்துவது. அங்கே பழைய உத்திரங்கள் விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். ஊரில் புகையைக் குறைப்பதென்று கூடி முடிவெடுத்து, டீசல் இஞ்சினை ஒதுக்கிவிட்டு ஆலைக் கூரையில் சோலார் போட்டிருந்தார்கள். வயலில் கொட்டி எரித்துவந்த உமியை அழுத்திக் கட்டையாக்கும் மிஷினும் வாங்கியிருந்தார்கள். கட்டையை வாங்கத்தான் ஆளில்லை. உத்திரம் வாங்கப் போன லாத்தா உமிக்கட்டையோடு திரும்பினார்.

முதல் லோடு நன்றாக எரிந்தது. அடுத்ததை வைக்கக் குடோனில் இடமில்லை. உள்ளே முழுக்க விறகு. வெளியே தார்ப்பாய் போட்டு மூடிவைத்தார். பம்பாய் மழைக்குத் தார்ப்பாய் எம்மாத்திரம்? மறுநாள் அடுப்பு புகைந்ததே தவிர, கொப்பரையில் தண்ணீர் கொதிக்கவில்லை. மாவு களியாக நின்றது. சைக்கிள்காரர்கள் வெறும் பாத்திரத்தோடு திரும்பினார்கள். நாங்கள் எல்லோரும் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டோம். இனி விறகே கொடுங்கள், இல்லாவிட்டால் வேறு கடை பார்க்கிறோம் என்றோம். லாத்தா குடோனுக்குள் போய் விறகு அடுக்கைச் சுற்றிப் பார்த்தார். வெளியே வந்து சொன்னார்:

"மரத்த உள்ள வச்சுக்கிட்டு உமிய வெளிய வச்சா, மழை வாரப்பல்லாம் மரத்துக்குத்தான் ஓடுவோம். நானும் ஓடிருவேன்."

அந்த வாரமே விறகில் நல்லதையெல்லாம் தச்சுப் பட்டறைகளுக்குத் தள்ளிவிட்டுக் குடோனைக் காலி செய்தார். ஐரோலியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் பதறிக்கொண்டு வந்தான். நன்றாக ஓடுகிற வியாபாரத்தை யாராவது மூடுவார்களா என்று கேட்டான். லாத்தா அவன் கையில் துடைப்பத்தைக் கொடுத்தார். அவனும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கூட்ட ஆரம்பித்தான்.

பிறகு என்னையும் கர்ஜத்துக்குக் கூட்டிப்போனார். ஆலைப் பெண்களுக்குத் தலைவி சுனந்தாபாய். அன்று அங்கே ஒரு கூட்டம். நெட் ஜீரோ என்றால் என்ன, காற்றில் விடும் கரியமிலவாயுவையும் திரும்ப ஈர்ப்பதையும் எப்படிச் சமமாக்குவது என்று ஒரு பெண் அதிகாரி படம் போட்டு விளக்கினார். லாத்தாவுக்குப் பிடித்துப்போயிற்று. அந்த அதிகாரியை உட்காரவைத்து ஒவ்வொன்றாகத் தன் பம்பாய் இந்தியில் கேட்டார். திரும்பும் வழியில், "கட்டை ஏத்தப் போற டெம்போ நம்ம சந்துலருந்து காலியாத்தான போவுது, அந்த டீசலும் வீண்தானளா?" என்றார். அதிலிருந்து எங்கள் சந்துக் காய்கறிக் கழிவும் தேங்காய் மட்டையும் உரத்துக்காகக் கிராமத்துக்குப் போயின. முதல் தடவை நாற்றம் தாங்காமல் யாசின் வண்டியை எடுக்க மறுத்தான். லாத்தா இட்லிப் பொட்டலத்தோடு அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். கர்ஜத் வரை ஊட்டிக்கொண்டே போனதாக அவன் இன்றும் சொல்கிறான்.

அடக்கத்தன்று சுனந்தாபாயும் நான்கு பெண்களும் ரயிலேறி வந்தார்கள். லாத்தாவின் மகன் முன்னால் போய்க் கும்பிட்டான். அவர்கள் அவனைக் கட்டிக்கொண்டு மராட்டியில் அழுதார்கள். எங்கள் சந்தில் அன்று ஒரு கொப்பரையும் ஏறவில்லை.

போன வாரம் நான் தனியாகக் கர்ஜத் போனேன். பக்கத்துச் சந்துக்காரர்களும் உமிக்கட்டை கேட்கிறார்கள், அதைப் பேசவேண்டியிருந்தது. மும்பைக்காரர்கள் சார்பில் யார் பேசுவது என்று ஒரு பெரியவர் கேட்டார். என் அரைகுறை மராட்டியை நினைத்துத் தயங்கினேன். சுனந்தாபாய் என்னைக் காட்டி, "ஹீ ரஹ்மத்ச்சி பஹீண்" என்றார். ரஹ்மத்தின் தங்கை என்று அர்த்தம். லாத்தா அந்த ஊரில் என்னை அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறார், எனக்குத் தெரியாது. நான் நாடார் வீட்டுப் பெண், கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் அண்ணன்மார். அதையெல்லாம் நான் விளக்கப் போகவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பேச எழுந்தேன்.