செட் மாத்திரை

அம்பிகாவைப் பற்றிச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவளை நினைத்து அல்ல, என்னை நினைத்து.

அவள் ஆம்பூர் ஷூ கம்பெனியில் பதினாறு வருஷமாகத் தையல் லைனில் இருப்பவள். முடக்குவாதம் வந்து, காலையில் விரல் மடங்கவே ஒரு மணி நேரம் ஆனது. கிருமியை அடிக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் சொந்த மூட்டுகளையே போட்டு அடிக்கிற நோய் அது. அந்தச் சண்டையைக் கிளப்பிவிடும் ஒரு புரதத்தை அடக்க ஊசி கண்டுபிடித்து, எந்த அளவு போட்டால் கேட்கும் என்று வேலூரில் எங்கள் ஆஸ்பத்திரியில் ஆய்வு நடந்தது. அம்பிகா அதில் சேர்ந்தாள்; நான் அதில் நர்ஸ்.

"வேறு டாக்டரிடம் மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று ஒவ்வொரு முறையும் படிவத்தைப் பார்த்துப் படிப்பேன். "இல்ல சிஸ்டர்" என்பாள். டிக் அடித்துவிடுவேன்.

மூன்றே மாதத்தில் அவள் வீக்கம் வற்றிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் அவள் கையைக் காட்டிப் பெருமையடித்தேன். அதே லைனில் தைக்கும் ஷஹீன் பானு அதைப் பார்த்துத்தான் ஆய்வில் சேர்ந்தாள். அவள் கை மட்டும் வாராவாரம் வீங்கிக்கொண்டே போனது. டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. இன்னும் பத்து நாளில் மெஷினில் உட்காராவிட்டால் லைனிலிருந்து எடுத்துவிடுவோம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு அம்பிகா ஆதார் அட்டையை எடுக்கப் பையைத் திறந்தபோது ஒரு காகிதப் பொட்டலம் விழுந்தது. உள்ளே நாலு கலரில் மாத்திரை.

"இன்னாம்மா இது?"

"மெடிக்கல்ல வலிக்குத் தர்ற செட்டு சிஸ்டர். டார்கெட் ஜாஸ்தியாகிற நாள்ல ஒண்ணு போட்டுக்குவேன்."

அதில், தானே வீக்கத்தை வற்றவைக்கிற ஸ்டீராய்டு இருந்தது. "அடிப்பாவி! ஏன் சொல்லல?" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

"இதெல்லாம் மருந்துல சேர்த்தியான்னு நெனச்சேன் சிஸ்டர். அப்ப ஊசியால சரியாவலயா?"

இனி யாராலும் அதைச் சொல்ல முடியாது. அவள் கணக்கு ஆய்வுக்கு உதவாது.

வெளியே பெஞ்சில் ஷஹீன் உட்கார்ந்திருந்தாள். அம்பிகா நேராகப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஷஹீன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் செட்டுதான்க்கா போட்டுனு இருந்தேன். உன் கைய பார்த்துட்டு, ஊசியே போதும்னு நிறுத்திட்டேன்."

அம்பிகா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் அழக்கூட யோக்கியதை இல்லாமல் நின்றேன். லாங் பஜாரில் மளிகை வாங்கப் போகும்போதெல்லாம், என் அம்மாவின் முழங்கால் வலிக்கு அதே செட்டை வாங்கி வந்தவள் நான். யூனிஃபார்ம் மாட்டியதும் அது எப்படி மறந்தது?

ஷஹீனை டாக்டரிடம் உள்ளே அனுப்பிவிட்டு, ஆய்வில் நடக்கும் தவறைப் பதியும் அறிக்கையை எடுத்தேன். முதலில் 'நோயாளி மறைத்தார்' என்று எழுதினேன். அதை அடித்துவிட்டு, 'கடை மாத்திரை பற்றி நர்ஸ் கேட்கவில்லை' என்று எழுதினேன். கீழே பிரிசில்லா என்று கையெழுத்துப் போட்டேன்.