விதவைப் புத்தகத்தைப் படித்த மாமனார்

கெமைஸ் சித்தப்பா எங்கள் நூலகத்துக்குள் முதன்முதலாகக் கால் வைத்தது ஒரு மழைநாள் காலையில். வாசலில் செருப்பை ஒருமுறை துடைத்தார், உள்ளே வந்து யோசித்து, திரும்பிப் போய் இன்னொரு முறை துடைத்தார். ஊருக்கே சித்தப்பா; முப்பத்துமூன்று வருடம் எங்கள் பிஸெர்த் துறைமுகத்தின் இழுவைப் படகுகளில் இயந்திரம் பார்த்தவர். கப்பல் இயந்திரத்தின் கையேடுகளையும் குடிநீர் வாரியத்தின் நோட்டீசுகளையும் தவிர அவர் எதையும் படித்து நான் கண்டதில்லை.

"நஸீஹா, ஒரு புத்தகம் வேணும்மா."

"என்ன புத்தகம் சித்தப்பா?"

சுற்றுமுற்றும் பார்த்தார். பரீட்சைக்குப் படிக்கும் இரண்டு பெண்களைத் தவிர யாருமில்லை. ஆனாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதான்... எல்லாரும் சண்டை போடுறீங்களே, அந்த விதவைப் புத்தகம்."

அந்த நாவலுக்கு நீளமான, அழகான ஒரு தலைப்பு இருந்தது. எங்கள் ஊரில் யாரும் அதைச் சொல்லவில்லை. இருபத்தாறு வயதில் கணவனை இழந்த ஒருத்தி, பதினோராவது மாதம் மாடிக்குக் குடிவந்த வீணைக்காரன்மேல் காதல் கொள்கிறாள். கடைசியில் இருவரும் கப்பல் ஏறிப் போய்விடுகிறார்கள். அவ்வளவுதான் கதை. நூலகத்துக்கு நான் மூன்று பிரதிகள் வாங்கியிருந்தேன், மூன்றும் அலமாரியில் தங்கவேயில்லை. புத்தகங்களின் பின்னட்டைக்குள் வாசகர்கள் எழுத ஒரு வெள்ளைத்தாள் ஒட்டிவைப்பது என் வழக்கம். இந்தப் புத்தகத்துக்கு நான்கு தாள் ஒட்டவேண்டியதாயிற்று. "மூன்று தடவை அழுதேன்" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். அதன் கீழேயே, "நான் முப்பது தடவை கொட்டாவி விட்டேன்." இன்னொரு கை: "இவளுக்குப் பதினோரு மாதம்கூடப் பொறுக்கவில்லையா?" அதற்கு வேறு மையில் பதில்: "நீ பொறுத்துப் பார்."

சித்தப்பா அதை ஏன் கேட்டார் என்பது எனக்குப் புரிந்தது. அவருடைய ஒரே மகன் மஹ்ரேஸ் அதற்கு இரண்டரை வருடம் முன்பு, வெள்ளிக்கிழமை மாலை நண்பர்களோடு பந்து ஆடிக்கொண்டிருந்தவன், மைதானத்திலேயே சரிந்து விழுந்து இறந்துபோனான். இருபத்தொன்பது வயது. மனைவி விதாத் பாலர் பள்ளி ஆசிரியை. மகள் யுஸ்ராவுக்கு அப்போது ஒன்றரை வயது. விதாத்தின் பெற்றோர் தெற்கே கஃப்ஸாவில். குழந்தையோடு அவள் மாமனார் மாமியார் வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்களா?" என்று கேட்டேன்.

"வேணாம் வேணாம். உங்க சித்தி மன்னூபியா பார்த்தா என்னைத் தொலைச்சுடுவா. இங்கயே உக்காந்து படிக்கிறேன்." பிறகு, தானாகவே சொன்னார்: "மருமக படிச்சுக்கிட்டிருந்தா. நான் உள்ள வந்ததும் திண்டுக்கு அடியில தள்ளிட்டா. எங்கிட்ட அவ எதையும் மறைச்சதே இல்ல. அதுல என்னதான் இருக்குன்னு பாக்கணும்."

நான்கு வாரம் வந்தார். மீன் சந்தைக்குப் போய், வாங்கிய மத்தி மீனை வாசலில் நிழலான இடத்தில் தொங்கவிட்டுவிட்டு, ஜன்னலோர மேசையில் உட்காருவார். விரலை வரிக்குக் கீழே வைத்து, உதடு அசைய அசைய ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பக்கம். சில நாள் மூக்கைச் சிந்துவார். சில நாள் சத்தமாகவே திட்டுவார்.

"ஏம்மா, இத எழுதினவங்க கப்பலையே பாத்ததில்லையா? இவ்வளவு தென்காத்துல எந்த மடையன் கப்பலை எடுப்பான்?"

"அது காதல் கதை சித்தப்பா."

"காதல்னா காத்து வீசாதா?"

படித்து முடித்த அன்று புத்தகத்தை என் முன்னால் வைத்துவிட்டு, மீனை எடுத்துக்கொண்டு போனார்.

அந்தச் சனிக்கிழமை மாலை வாசகர் வட்டத்தில் அந்த நாவல்தான் பேச்சு. வழக்கமாக எட்டுப் பேர் வருவார்கள். அன்று இருபத்திரண்டு பேர். சித்தப்பா கடைசி வரிசையில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வந்திருந்த ஒரே ஆண் அவர்தான். கூட்டம் தொடங்கிக் கால்மணி கழித்து விதாத் வந்தாள். பக்கவாட்டு நாற்காலியில் அமர்ந்தபின்தான் மாமனாரைப் பார்த்தாள். எழுந்துபோக அவளுக்கு வழி இல்லை, வாசலை மறித்து ஆட்கள் நின்றிருந்தார்கள்.

முதலில் பேசியது ரஃபீக்கா டீச்சர். ஊரில் பாதிப் பேருக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். "நடை நல்லா இருக்கு, நான் இல்லைங்கல. ஆனா அந்தப் பொண்ணுக்குத் துக்கம்னா என்னன்னே தெரியல. பதினோரு மாசம்! மரணச் சான்றிதழ் வாங்கவே நம்ம ஊர்ல அத்தனை நாள் ஆகும்."

எல்லோரும் சிரித்தார்கள். சிகையலங்காரக் கடை ஹிந்தா விடவில்லை. "டீச்சர், துக்கத்துக்கு மார்க் போடுவீங்களா? இருபதுக்கு எத்தனை? பதினோரு மாசம்னா எட்டு, மூணு வருஷம்னா பதினெட்டா?"

"மரியாதைன்னு ஒண்ணு இருக்கு ஹிந்தா."

"யாருக்கு? செத்தவருக்கா, பக்கத்து வீட்டுக்காரங்களுக்கா?"

அரைமணி நேரம் அப்படியே போயிற்று. கதாநாயகி ஓயாமல் அழுகிறாள் என்றார்கள் சிலர். போதுமான அளவு அழவில்லை என்றார்கள் சிலர். வீணைக்காரன் வேலைவெட்டி இல்லாதவன் என்பதில் மட்டும் இரு கட்சியும் ஒத்துப்போயின. விதாத் வாயே திறக்கவில்லை. ஆனால் பேசிய ஒவ்வொருத்தியும் ஓரக்கண்ணால் அவளைப் பார்த்துவிட்டுத்தான் பேசினாள். எனக்கே சங்கடமாக இருந்தது. பேச்சை மாற்றுவதற்காக, "கெமைஸ் சித்தப்பா, நீங்க முழுசாப் படிச்சீங்களே, உங்களுக்கு என்ன தோணுச்சு?" என்று கேட்டுவிட்டேன். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் எழுந்து நின்றார். துறைமுகத்தில் மேலதிகாரி முன்னால் நிற்பதுபோல நின்றார்.

"எனக்கு ஒண்ணுதான் புரியல. செத்துப்போனானே அந்தப் பையன், அவனுக்கு அப்பா அம்மா கிடையாதா? முந்நூறு பக்கம் படிச்சேன். அவன் என்ன சாப்பிடுவான், எப்படிச் சிரிப்பான், ஒண்ணுமே இல்ல. மரத்துலயா காய்ச்சான்?"

யாரும் சிரிக்கவில்லை. ஹிந்தாதான் மெதுவாகச் சொன்னாள்: "சித்தப்பா, மாமனார் வந்தா கதை நகராது. அவரு வாசல்ல உக்காந்திருப்பாரு. அவ எப்படி அவரைத் தாண்டிப் போவா?"

"அதத்தான் கேக்கறேன்." "அவரு எங்க உக்காரணும்? அதையாவது எழுதியிருக்கலாமில்ல? படிச்சவங்கதானே. அந்த மனுஷன் என்ன பண்ணணும்னு ஒரு வரி எழுதியிருந்தா..."

முடிக்காமல் உட்கார்ந்துவிட்டார். ரஃபீக்கா டீச்சர் தன் குறிப்புத்தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார்.

பழைய துறைமுகம் வழியாக இருவரும் சேர்ந்து வீட்டுக்கு நடந்ததைப் பின்னால் விதாத்தான் எனக்குச் சொன்னாள். படகுகளைத் தாண்டினார்கள். கொண்டைக்கடலை ரொட்டி விற்கும் கடை முன்னால் அவர் நின்றார். அவளுக்கு ஒன்று வாங்கிக்கொடுத்தார். காரம் அதிகமாக, அவளுக்குப் பிடித்த மாதிரி.

"யாராவது இருக்காங்களாம்மா?"

அவள் ரொட்டியைப் பார்த்தபடியே சொன்னாள். "இருக்காங்க மாமா."

"வீணை வாசிக்கிறவனா?"

"இல்ல. எலெக்ட்ரீஷியன். எங்க பள்ளிக்கூடத்துல வயரிங் மாத்த வந்தாரு. லஸ்ஸாத்னு பேரு. நான் இன்னும் ஒண்ணும் சொல்லல. உங்களைக் கேக்காம..."

"சாப்பிடு, ஆறிடும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ஒன்பது நாள் சொல்லவில்லை.

பத்தாம் நாள் மேசை விசிறி ஒன்றைக் கையில் இடுக்கிக்கொண்டு லஸ்ஸாத்தின் கடைக்குப் போனார். வந்தவர் யாரென்று லஸ்ஸாத்துக்குத் தெரியாது. அவன் விசிறியைப் பிரித்தான், பார்த்தான், மறுபடி பூட்டினான், ஓடவிட்டான்.

"இதுல ஒண்ணுமே ரிப்பேர் இல்லையே. நல்லா ஓடுதே."

"தெரியும்."

லஸ்ஸாத் விசிறியைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். பிறகு எழுந்து நின்று, கையிலிருந்த கரியைத் துணியில் துடைத்துக்கொண்டான். "நீங்க... யுஸ்ராவோட தாத்தாவா?"

"உக்காரு. ஒரு காப்பி சொல்லு. ரெண்டு மணி நேரம் இருப்பேன், நீ உன் வேலையைப் பாரு."

அப்படியே இருந்தார். வாடிக்கையாளர்களிடம் அவன் எப்படிப் பேசுகிறான், தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறானா, தொழுகைக்கு அழைப்பு கேட்டால் வானொலியை நிறுத்துகிறானா என்றெல்லாம் பார்த்தார். கிளம்பும்போது ஒன்றே ஒன்று கேட்டார். "அந்தக் குழந்தை என்னைப் பாக்க வரும்ல?"

"நீங்க வேணாம்னு சொன்னாலும் வரும்" என்றான் லஸ்ஸாத்.

எங்கள் ஊரில் எனக்குத் தெரிந்த வீரர்கள் குறைவு. போரில் பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்து நின்றவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். ஓடுகிற விசிறியைத் தூக்கிக்கொண்டு, தன் மகன் இருந்த இடத்துக்கு வரப்போகிறவனைப் பார்க்க நடந்துபோன மனிதர் இவர் ஒருவர்தான்.

கஷ்டமெல்லாம் வீட்டில்தான். மன்னூபியா சித்தி முதலில் கத்தினார், பிறகு பேசாமல் இருந்தார். பேசாமல் இருந்ததுதான் மோசம். மஹ்ரேஸின் சட்டைகள் எல்லாம் இன்னமும் அலமாரியில் தேய்த்து மடித்தபடி இருந்தன. சித்தப்பா என்ன செய்வதென்று தெரியாமல் என்னிடம் வந்து அந்தப் புத்தகத்தை வாங்கிப்போனார். முறையாகப் பதிவு செய்து, உறுப்பினர் அட்டை போட்டு. சித்திக்குப் படிக்கத் தெரியாது. மாலையில் அவர் மொளோகியாக் கீரைக் குழம்பு கிளறும்போது இவர் அடுப்பங்கரை ஸ்டூலில் உட்கார்ந்து வாசித்தார்.

"கெட்ட கழுதை" என்றார் சித்தி முதல் நாள்.

"யாரு?"

"உங்க கதாநாயகி. இத்தனை பக்கத்துல ஒரு தட்டு கழுவினாளா? வீடு கூட்டினாளா? எம் மருமக கால்தூசிக்கு வருவாளா இவ? மய்யத்து வீட்டுல நாப்பது பேருக்குச் சமைச்சவ எம் மருமக." கரண்டியைத் தட்டிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, "அப்புறம்?" என்றார்.

ஒவ்வொரு நாளும் திட்டினார். ஒவ்வொரு நாளும் "அப்புறம்?" கேட்டார். கடைசி அத்தியாயம் முடிந்தபோது அவர் திட்டவில்லை. "அவன் சட்டையெல்லாம் என்ன பண்ணாளாம்?" என்று கேட்டார். சித்தப்பா பக்கங்களைப் புரட்டித் தேடிப் பார்த்தார். அது எழுதியிருக்கவில்லை.

"எழுதத் தெரியல அவளுக்கு" என்றார் சித்தி. அதற்குப் பிறகு 'சரி' என்றும் சொல்லவில்லை, 'கூடாது' என்றும் சொல்லவில்லை.

கல்யாணப் பதிவு வசந்தகாலத்தில், நகராட்சி மண்டபத்தில். மன்னூபியா சித்தி வரவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டார், யாரும் வற்புறுத்தவில்லை. விதாத்தின் அண்ணன் ஒரு சாட்சி. இரண்டாவது சாட்சி கெமைஸ் சித்தப்பா. பழைய நீலக் கோட்டு, புதிய சட்டை. பதிவு அதிகாரி இளைஞர், அவசரக்காரர். அடையாள அட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"பொண்ணோட அப்பாவா?"

"இல்ல."

"பெரியப்பா?"

"இல்ல. அவ புருஷனோட அப்பா."

அதிகாரி பேனாவை நிறுத்தி, லஸ்ஸாத்தைக் காட்டினார். "இவரோட அப்பாவா?"

"இவனோடது இல்ல. முந்தின புருஷன். எம் பையன்."

அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, பதிவேட்டைத் தானே அவர் பக்கம் திருப்பி வைத்தார். "இங்க ஐயா" என்று விரலால் காட்டினார். சித்தப்பா கண்ணாடியைத் தேடினார், கிடைக்கவில்லை. கண்ணாடி இல்லாமலே, தன் பெயரையும் தன் தகப்பன் பெயரையும் முழுதாக எழுதினார். ஹிந்தா குலவையிட்டாள். அவளுக்கு அடுத்தபடியாக, நான் கண்ணால் பார்த்தது இது, ரஃபீக்கா டீச்சர் குலவையிட்டார்.

விதாத் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா" என்றாள்.

"இனிமேலும் மாமாதான்" என்றார். "வேற பேரு வைக்காதே."

இது நடந்து ஏழு வருடம் ஆகிறது. அவர்கள் இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருக்கிறார்கள். யுஸ்ரா பள்ளி விட்டதும் தாத்தா வீட்டுக்கு வந்துதான் பையைக் கழற்றுகிறாள். மன்னூபியா சித்தி எட்டு மாதம் லஸ்ஸாத்தோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் அவர் வீட்டில் மின்சாரம் போனது, அவன் வந்து சரிசெய்தான். போகும்போது ஒரு தட்டு மக்ரூத் இனிப்பைக் கையில் திணித்து, "தட்டைத் திருப்பிக் குடு" என்றார். அதுதான் முதல் பேச்சு. இப்போது ரமலானில் அவனுக்கு எந்த சூப் பிடிக்கும் என்பதில் விதாத்தோடு சண்டை போடுகிறார்.

சித்தப்பாவுக்கு எழுபத்துமூன்று வயது. சனிக்கிழமைகளில் வாசகர் வட்டத்தில் முன்வரிசை. நாவல் மட்டுமே படிக்கிறார், அதுவும் கறாராக. போன மாதம் ஒரு துப்பறியும் கதையைத் திருப்பிக் கொடுக்கும்போது, கொலைகாரன் யாரென்று நாற்பதாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டதாகவும், இப்படியெல்லாம் புத்தகம் வாங்குகிற நூலகரை மாற்றவேண்டும் என்றும், நான் கேட்கும்படியாகவே ரஃபீக்கா டீச்சரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.