விடையோடு வெளியான தேர்வு

தாவரவியல் நடத்தும் அவருக்குக் கல்லூரியில் பம்பரம் என்று பெயர். ஐம்பத்தொரு வயதாகியும் அவர் நாற்காலியில் முழுதாக உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. விளிம்பில் தொற்றிக்கொண்டிருப்பார், ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

அப்படிப்பட்டவருக்குத்தான் அந்தச் சுற்றறிக்கை வந்தது. பழைய இணைய வகுப்புத் தளம் வெள்ளிக்கிழமையோடு மூடப்படும். அதற்குள் பாடங்களைப் புதிய தளத்துக்கு மாற்றிவிட வேண்டும். பழகிக்கொள்ள ஒன்பது வீடியோக்கள், நூற்றுப்பத்துப் பக்கக் கையேடு, எதை வேண்டுமானாலும் அழுத்திப் பார்க்க ஒரு மாதிரி வகுப்பு.

முதல் வீடியோவில் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் இவருக்குப் பொறுக்கவில்லை. வேகத்தைக் கூட்டினார், பேசியவரின் குரல் கீச்சென்று ஆயிற்று. மூன்றாவதோடு மூடிவிட்டார். பதினான்கு வருஷப் பாடம் வழியிலே தொலைந்துபோனால்? இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

"மாதிரி வகுப்புல ஒரு தடவை செஞ்சு பாருங்களேன்," என்றாள் நர்ஸாக இருக்கும் மனைவி. "நாங்க பொம்மைக் கையில குத்திப் பழகிட்டுத்தான் ஆளுக்கு ஊசி போட்டோம்."

"அதுக்கெல்லாம் நேரம் ஏது?"

புதன்கிழமை காலை நேரே உண்மையான வகுப்பிலேயே போட்டார். படங்கள் ஏறின, குறிப்புகள் ஏறின, தேர்வுகளும் ஏறின. உற்சாகத்தில் 'வெளியிடு' என்றிருந்ததை அழுத்தினார். ஐந்து நிமிஷத்தில் ஒரு மாணவியின் செய்தி வந்தது: "சார், அடுத்த வார டெஸ்ட் வந்திருக்கு. விடையோட வந்திருக்கு. பாக்கலாமா, வேணாமா?"

வகுப்பில் நூற்றிருபத்தாறு பேர். பதறிப்போய் வேறொன்றை அழுத்தினார். வகுப்பே காணாமல் போயிற்று. திறந்த மடிக்கணினியைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு, கீழ்த்தளத்து உதவி மையத்துக்கு ஓடினார். அங்கே இருந்த பெண்ணிடம் காட்டும்போதும் விரல் தட்டிக்கொண்டே இருந்தது.

"சார், முதல்ல கையை எடுங்க."

"இல்லம்மா, இதை மட்டும்..."

"எடுங்க சார். நீங்க அழுத்த அழுத்த எனக்கு வேலை கூடுது."

அரை நிமிஷத்தில் வகுப்பை மீட்டாள், தேர்வையும் மறைத்தாள். "வகுப்பு எங்கேயும் போகல. ஆனா டெஸ்ட்டை நாப்பத்தோரு பேர் பாத்துட்டாங்க. அதுக்கு என்கிட்ட பட்டன் இல்ல."

திரும்பும் வழியில், தளத்தில் கோளாறு என்று எழுதிவிடலாமா என்று தோன்றியது. கல்லூரியே அதைத் திட்டிக்கொண்டிருந்தது, எல்லோரும் நம்புவார்கள். நடைபாதையில் நாலு முறை நடந்தார். கடைசியில் மாணவர்களுக்கு இப்படி எழுதினார்: "தளத்தின் மேல் தப்பில்லை. பழகாமல் அழுத்தினது நான்தான். வேறு கேள்வித்தாள் தருகிறேன்."

அன்று மதியமே உதவி மையத்துக்குப் போய் மாதிரி வகுப்பைத் திறந்து உட்கார்ந்தார். ஏழு முறை தப்பாகப் போயிற்று. பார்த்துக்கொண்டிருந்த உதவி மையத்துப் பெண் சொன்னாள்: "கையேட்டுல சரியா செய்றது எப்படின்னுதான் இருக்கு. தப்பா போனா என்ன பண்றதுன்னு இல்ல. நீங்க எழுதிக் குடுங்களேன்."

ஒரே ஒரு பக்கம் எழுதினார். 'விடை தெரிகிறதா என்று மாணவர் பார்வையில் பார்க்காமல் வெளியிடாதீர்கள்' என்பது முதல் வரி. வெள்ளிக்கிழமைக்குள் அது எல்லா ஆசிரியர் அறைகளிலும் ஒட்டப்பட்டிருந்தது. "உன் பேப்பர் மட்டும் இல்லேன்னா என் மானமும் கப்பலேறியிருக்கும்," என்றார் வேதியியல்காரர்.

அந்தப் பருவம் முழுக்க, பழக வரும் ஆசிரியர்களுக்காக தினமும் ஒரு மணி நேரம் உதவி மையத்தில் நின்றார். ஒருநாள் வரலாற்று ஆசிரியர் கோப்பு ஏற்றும் இடத்தைப் பதினோரு நிமிஷமாகத் தேடினார். இவருக்கு உடம்பெல்லாம் துடித்தது. ஆனால் குறுக்கே கை நீட்டவில்லை.

"ஏம்ப்பா இப்படித் தவிக்கிற? உக்காரேன்," என்றார் வரலாற்று ஆசிரியர்.

"நீ முடி. அப்புறம் உக்காரறேன்," என்றபடி சன்னல் பக்கம் ஒரு நடை போய்வந்தார்.