காக்கிக் கால்சட்டையும் ஒரு சேவலும்

போன மாதம் ஒரு மனிதர் என் காலடியில் ஒரு சேவலைக் கொண்டுவந்து வைத்தார். உயிருள்ள சேவல். இரண்டு காலையும் நாரால் கட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு சீப்பு மலைவாழைப்பழம், ஒரு குடுவைத் தேன்.

நான் என்ன சாமியா? இல்லை. புது மாப்பிள்ளையா? அந்த வயது தாண்டி இருபது வருஷம் ஆகிறது. நான் செய்தது ஒன்றே ஒன்றுதான் — காக்கிக் கால்சட்டை போட்டிருந்தேன்.

என் வேட்டிப் பஞ்சத்தை இந்தப் பத்திரிகையில் ஏற்கெனவே பாடி உங்களை அழ வைத்திருக்கிறேன். யுத்தம் முடிந்துவிட்டது, துணிப் பஞ்சம் முடியவில்லை. ரேஷனில் கிடைத்த வேட்டி மூன்றாம் வெளுப்பிலேயே கொசுவலை ஆகிவிட்டது. அப்போதுதான் திருச்சியில் பட்டாளத்து மிச்ச சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். பூட்ஸ், கம்பளி, தண்ணீர்க் குப்பி... நடுவில் குவியலாகக் காக்கி டிரில் கால்சட்டைகள். ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன். என் பலம்தான் தீர்ந்தது, துணி அசையவில்லை. வாங்கிவிட்டேன்.

"தபால்காரர் வந்திருக்காராக்கும்னு பார்த்தேன்" என்றாள் என் மனைவி.

அந்த மரியாதையோடு அது பெட்டிக்குள் போயிருக்கும். சடையன் வந்து காப்பாற்றினான்.

சடையன் கொல்லிமலைக்காரன். அந்த மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு; திருப்புலி நாட்டில் அவனுக்குக் கொஞ்சம் நிலம். நான்கு வருஷம் பட்டாளத்தில் ரோடு போடும் பிரிவில் இருந்தான். பர்மா எல்லையில் மழையில் ஊறிவிட்டு இரண்டு செட் காக்கியோடு ஊர் திரும்பியவன். துறையூர் சந்தைக்கு மிளகு கொண்டுவரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் ஒரு தம்ளர் மோர் குடித்துவிட்டுப் போவான். அன்றைக்கு மோரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றான்.

"ஏனுங்க, நீங்க ஒருக்கா மலைக்கு வரோணுமுங்க. பெரக்கரை நாட்டுல எங்க மாமன் மகளைக் கேக்கப் போறேன். செல்லிக்குச் சம்மதந்தானுங்க. மாமன்தான் மாட்டேங்கறாரு."

"உனக்கு என்னப்பா குறை?"

"இதுதானுங்க" என்று தன் கால்சட்டையைக் காட்டினான்.

மாமன் பெயர் கருப்பண்ணன். காக்கி என்றாலே அவருக்கு ஆகாது. காரணம் இல்லாமல் இல்லை. பல வருஷங்களுக்கு முன்னால் காக்கி போட்ட காட்டிலாகாக் காவலன் ஒருவன் விறகு வெட்டினார் என்று அவருடைய அரிவாளைப் பிடுங்கிக்கொண்டானாம். கேஸ் எழுதுவேன் என்று மிரட்டி, ஒரு கிடாவையும் ஓட்டிக்கொண்டு போனானாம். அதிலிருந்து காக்கி கண்ணில் பட்டால், கேட்பதற்கு முன்பே சேவலைக் கொண்டுபோய் வைத்துவிடுவது அந்த ஊர் வழக்கமாகிவிட்டது. அப்படிப்பட்ட காக்கிக்குள் இருப்பவனுக்குப் பெண்ணா? கழற்றி எறிந்துவிட்டு வந்தால் பேசலாம் என்கிறாராம்.

"கழற்றிவிடேன், சடையா. துணிதானே?"

"மாட்டேனுங்க." குரல் உயரவில்லை. "நாலு வருசம் மழையிலயும் சேத்துலயும் என் தோலைக் காப்பாத்துனது இதுதானுங்க. களவாண்டுக்கிட்டு வரலீங்க. பொண்ணும் வேணும், இதுவும் வேணும். நீங்க படிச்சவரு. வந்து ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும்."

இப்படி ஒருவன் நின்றால் என்ன செய்வது? கிளம்பினேன். "முள்ளுத் தடமுங்க, வேட்டி கிழிஞ்சு போயிரும்" என்று அவன் சொன்னதால் நானும் காக்கியை மாட்டிக்கொண்டேன். இரண்டு புத்திசாலிகளில் ஒருவருக்காவது அதிலுள்ள ஆபத்து தோன்றியிருக்க வேண்டாமா?

புளியஞ்சோலை ஓடையைத் தாண்டி ஏறினோம். எத்தனை முள் இழுத்தும் காலில் ஒரு கீறல் இல்லை. மேலே போய்ச் சேரும்போது நானே பர்மாவை மீட்டுவிட்டு வருபவன் போல நடந்தேன்.

ஊர் எல்லையில் விறகுக் கட்டோடு வந்த ஒரு பெண் எங்களைப் பார்த்தாள். கட்டு கீழே விழுந்தது, ஆளைக் காணோம். அடுத்து இரண்டு கதவுகள் சாத்திக்கொண்டன. நாய்கள் மட்டும் எங்களை வரவேற்றன. நான் ஒன்றும் புரியாமல் கருப்பண்ணன் வீட்டு முன்னால் ஒரு பாறையில் உட்கார்ந்தேன். சும்மா உட்காரும் பழக்கம் ஏது எனக்கு? நோட்டையும் பென்சிலையும் எடுத்து, பலாமரத்தில் படர்ந்திருந்த மிளகுக் கொடியைப் பார்த்து ஏதோ குறித்துக்கொண்டேன்.

அவ்வளவுதான். சேவல் வந்துவிட்டது.

"தொரைங்களே, கேஸ் கீஸ் எழுதிப்போடாதீங்க" என்றார் கருப்பண்ணன். அறுபது வயது இருக்கும், கும்பிட்டபடி குனிந்து நின்றார். "சடையன் எதுக்கு உங்களைக் கூட்டியாந்தான்னு தெரியுமுங்க. பொண்ணைத்தானே கேக்கறான்? கட்டிக்கிட்டுப் போகச் சொல்லுங்க."

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அரை நிமிஷம்... அரை நிமிஷந்தான்... எனக்கு அது பிடித்திருந்தது. வீட்டில் காப்பி கேட்டாலே இரண்டு தடவை கேட்க வேண்டிய மனிதன் நான். இங்கே கேட்காமலே சேவல்! அப்புறம்தான் அந்தக் கும்பிட்ட கையைப் பார்த்தேன். வெட்கத்தில் செத்துப்போனேன்.

சடையன் பேசாமல் இருந்திருந்தால் அடுத்த மாதம் கல்யாணம். அவன் கேட்டது கிடைத்துவிட்டதே! பேசாமல் இருந்தானா?

"மாமா, இவரு ஆப்பீசரு இல்லீங்க. பத்திரிகையில கதை எழுதறவரு. நீங்க பயந்துக்கிட்டுக் குடுக்கற பொண்ணு எனக்கு வேண்டாமுங்க. சேவலை அவுத்து உடுங்க."

கருப்பண்ணன் நம்பவில்லை. நம்பும்படியாக நான் ஏதாவது செய்ய வேண்டும். என்ன செய்வது என்று யோசித்துக் காலைப் பார்த்தேன். கணுக்காலில் என் சுண்டுவிரல் தடிமனுக்கு ஒரு அட்டை!

"ஐயோ!" என்று நான் போட்ட சத்தத்தில் சேவலே மிரண்டது. நோட்டு ஒரு பக்கம், பென்சில் ஒரு பக்கம். ஒற்றைக் காலில் முற்றம் முழுக்கச் சுற்றினேன். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது.

"அப்பா, அட்டைக்கு இப்படிக் குதிக்கறவரு ஆப்பீசராங்கப்பா?" செல்லிதான். கை நிறையச் சுண்ணாம்போடு வந்து அட்டையை உதிர்த்தாள்.

கருப்பண்ணனும் சிரித்துவிட்டார். பயம் போயிற்று. பயம் போன இடத்தில் என்ன வரும்? கோபம் வந்தது.

"அப்படியா சேதி? அப்ப பொண்ணு கெடையாது, போ! அதைக் கழட்டிட்டு வா, பேசலாம்."

சடையன் முகம் வாடும் என்று பார்த்தேன். அவன் கையைக் கூப்பினான். "இப்பத்தான் மாமா நீங்க மனசுல இருக்கறதைச் சொல்லியிருக்கீங்க. சந்தோசமுங்க. நாளைக்குக் காத்தால வாரேன்."

அன்றிரவு இருவரும் பக்கத்து ஊரில் தங்கினோம்; மறுநாள் காலை அதே காக்கியோடு போய் நின்றான். நேரே அந்தப் பலாமரத்தடிக்குப் போனான். மரம் முழுக்க முசுறு — கடித்தால் விடாத சிவப்பு எறும்பு. இரண்டு வருஷமாக ஒருத்தரும் ஏறாமல் அதிலிருந்த மிளகெல்லாம் உதிர்ந்து வீணாகிக்கொண்டிருந்தது. சடையன் கால்சட்டையின் அடியைக் கணுக்காலோடு சேர்த்து நாரால் இறுக்கிக் கட்டினான். ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்தான். ஏறிவிட்டான்.

கீழே மிளகு சரஞ்சரமாகக் கொட்டிற்று. மேலே அவன் கழுத்திலும் காதிலும் முசுறு மொய்த்தது. கருப்பண்ணன் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். அப்புறம் அண்ணாந்து பார்த்தார். அப்புறம் மரத்தைச் சுற்ற ஆரம்பித்தார்.

"போதும், எறங்கு!"

"இன்னும் ரெண்டு கெளை இருக்குதுங்க மாமா."

"அட, எறங்கு சாமி! மூஞ்சியெல்லாம் வீங்குது!"

இரண்டு கிளையையும் முடித்துவிட்டுத்தான் இறங்கினான். உதடு பணியாரம் போல வீங்கியிருந்தது. இடுப்புக்குக் கீழே ஒரு கடி இல்லை. கருப்பண்ணன் குனிந்து முழங்கால் பக்கத்துத் துணியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். திருச்சியில் எனக்கு நடந்ததுதான் அவருக்கும் நடந்தது.

"துணியைப் பார்த்தது போதுமுங்கப்பா" என்றாள் செல்லி, சடையன் முகத்துக்கு மஞ்சள் அரைத்துக்கொண்டே.

மாசியில் கல்யாணம் என்று முடிவாயிற்று. காக்கியோடு வீட்டுக்குள் வரலாம்; மணையில் மட்டும் வேட்டி. சடையன் அதற்குச் சம்மதித்தான். அவனும் ஒரு படி இறங்க வேண்டாமா?

விடைபெறும்போது கருப்பண்ணன் என்னை விடவில்லை. அவர் கண் என் முகத்தில் இல்லை, இடுப்பில் இருந்தது. "ஏனுங்க... அது எனக்குப் பத்துமுங்களா?" என்றார். என்ன செய்ய? அவருடைய வேட்டியைக் கட்டிக்கொண்டு, வழிநெடுக முள்ளைத் திட்டிக்கொண்டு மலை இறங்கினேன். மனசு மட்டும் நிறைந்திருந்தது.

நேற்று சடையன் கடிதம் வந்தது. கல்யாணம் நல்லபடி நடந்ததாம். மாமன் இப்போது என் கால்சட்டையோடுதான் மிளகு பறிக்கிறாராம். போன வாரம் அதைப் போட்டுக்கொண்டு கொஞ்சம் தள்ளியிருக்கும் ஒரு ஊருக்கு ஏதோ வேலையாகப் போனாராம். யாரோ ஒருவர் ஓடிவந்து அவர் காலடியில் ஒரு சேவலை வைத்தாராம்.

திருப்பிக் கொடுத்தாரா என்று கடிதத்தில் இல்லை.